போகட்டும் அக்கா விட்டுக்கொடுக்காத வாஷர்கள்

பஸ் பணிமனையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘போகட்டும் அக்கா’. புதுப் பஸ்ஸை வேறு டிரைவர் தள்ளிக்கொண்டு போனால், “போகட்டும்” என்பாள். அவள் பஸ்ஸை நிறுத்தும் நிழலில் இன்னொருவர் கொண்டுவந்து செருகினால், அதுவும் போகட்டும்தான். அவள் தலையில் மிளகாய் அரைக்காதவர்கள் அந்தப் பணிமனையில் குறைவு.

அவள் கணவர் ரொட்டிக்காரர். நள்ளிரவில் அடுப்பு மூட்டி, காலையில் மாவு வாசனையோடு வந்து படுத்தால் மத்தியானம் தாண்டித்தான் எழுந்திருப்பார். அதற்குள் அவள் மாலை ஷிப்டுக்குக் கிளம்பியிருப்பாள். அவள் திரும்பும்போது அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் குடித்தனம், பேச்சு மட்டும் வாசற்படியில். அவளுக்குக் காலை ஷிப்ட் கிடைத்தால் சாயங்காலம் முழுக்க இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசலாம். அதற்குத்தான் அவர் ஏங்கிக்கொண்டிருந்தார்.

காலியாக இருந்த காலை ஷிப்ட் ஒன்றே ஒன்று, கேட்பவர்கள் நாலு பேர். யார் பெயரை எழுதினாலும் மற்ற மூவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதால், ஷிப்ட் போடும் டைம் கீப்பர் கையைக் கழுவிவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஓய்வறையில் போக்கர் ஆடி அவர்களே தீர்த்துக்கொள்வார்கள். காசு கிடையாது, பட்டறையிலிருந்து அள்ளி வந்த இரும்பு வாஷர்கள்தான் பந்தயம். ஒவ்வொரு முறையும் ஜெயித்தவர் அந்த நால்வரில் ஒருவரான மீசைக்காரர்.

அவர் வித்தை ஒன்றுதான். அந்த ஆட்டத்தில் சுற்றுக்கு இரண்டு பேர் சீட்டைப் பார்க்கும் முன்பே பந்தயம் வைத்தாக வேண்டும். பிளைண்ட் என்று பெயர். சீட்டுப் போடுகிறவர் வாய் திறந்த பிறகு பாக்கி அந்த இருவர் மட்டுமே. தான் சீட்டுப் போடும்போதெல்லாம் மீசைக்காரர், சீட்டு நல்லதோ கெட்டதோ, “ஏத்துறேன்” என்று பந்தயத்தைக் கூட்டி ஒரு குவியலைத் தள்ளுவார். பிளைண்ட் வைத்தவர்கள் பயந்து சீட்டைக் கவிழ்த்து விலகுவார்கள். வைத்தது அவருக்கு. அவள் வாஷர்களெல்லாம் இப்படியே கரைந்துதான் ஒவ்வொரு முறையும் தோற்றாள்.

இந்த முறை வாசற்படியில் ரொட்டிக்காரர் யோசனை சொன்னார். “குப்பைச் சீட்டு வந்தா கவுத்துடு. பிளைண்டுதானே, போனா போகட்டும்.”

அவள் வழக்கம்போலத் தலையாட்டினாள்.

ஆட்டத்தன்று அவருக்கு விடுமுறை. தூக்குப்பை நிறைய பன்னோடு ஓய்வறைக்குப் போய் அவளுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கிரீஸ் கறை படிந்த மேஜை. ஜன்னலுக்கு வெளியே பஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மீசைக்காரர் சீட்டுப் போட்டார். இரண்டு பிளைண்டில் பெரியது அவளுடையது. முதல் ஆள் சீட்டைக் கவிழ்த்தார். மீசைக்காரர் ஏற்றினார். அடுத்தவரும் கவிழ்த்தார்.

“என்னக்கா, போகட்டுமா?” என்றார் மீசைக்காரர்.

அவள் சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். எட்டு, ஆறு. சரியான குப்பை. ரொட்டிக்காரர் மெல்லக் கனைத்தார். அவள் திரும்பவில்லை. “பாதி என்னோடது ஏற்கெனவே உள்ள கிடக்கு. மிச்சத்தையும் வைக்கிறேன்” என்று வாஷர்களை நகர்த்தினாள்.

இருவருக்கும் பொதுவான சீட்டுகள் மூன்று மேஜையில் விழுந்தன. ராஜா, எட்டு, மூன்று. அவளுக்கு எட்டு ஜோடி சேர்ந்தது, ஆனால் அவரிடம் இன்னொரு ராஜா இருந்தால் தீர்ந்தது என்று ராஜா பல்லிளித்துக்கொண்டிருந்தது. மீசைக்காரர் பந்தயம் வைத்தார், அவளும் வைத்தாள். அடுத்து ஒரு இரண்டு. அவர் இன்னும் பெரிதாக வைத்தார், அவளும் வைத்தாள். கடைசியாக ஒரு ஜாக்கி. மீசைக்காரர் தன் முன்னால் இருந்த அத்தனையையும் இரண்டு கையாலும் தள்ளினார்.

போச்சு, இன்னும் ஆறு மாதம் வாசற்படிதான் என்று நினைத்தார் ரொட்டிக்காரர். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிதானமாகக் குடித்தாள். மூடியைத் திருகி மூடினாள். பிறகு தன்னுடையது முழுவதையும் நடுவில் வைத்தாள். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளை அவர் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பிரமித்துப் பார்த்தார்.

மீசைக்காரர் திருப்பியது ராணியும் ஏழும். எதனோடும் எதுவும் சேரவில்லை. அவரே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு ஆட்டம் நெடுநேரம் நீளவில்லை; காலை ஷிப்ட் அவளுக்கு வந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது ரொட்டிக்காரர் கேட்டார். “அவர்கிட்ட ஒண்ணும் இல்லைன்னு எப்படித் தெரிஞ்சுது?”

“தெரியாது.”

“தெரியாமலா அத்தனையும் வச்ச?”

“அவர் ஏத்தும்போதெல்லாம் நான் கவுத்துட்டே இருந்தா, அவருக்குச் சீட்டே வேண்டாமே. ஏத்தினாலே போதுமே.”

அவர் தெரு முனை வரை அவளையே பார்த்துக்கொண்டு நடந்ததில் ஒரு சைக்கிள்மேல் மோதப் பார்த்தார்.

காலை ஷிப்ட் தொடங்கிய அன்று சாயங்காலம், அவர் முகம் கழுவிவிட்டு வந்தார். ஜன்னலோர நாற்காலி கல்யாணமான நாளிலிருந்து அவருடையது. அதில் அவள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“அது என் நாற்காலி” என்றார், குரலைக் கொஞ்சம் ஏற்றி.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

மீசைக்காரரைப் போலவே அவர் கையிலும் ஒன்றும் இல்லை. சுவரோர நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.