இடி இடித்தால் காணாமல் போகும் பெட்டி

சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று டிவி சொன்னது. நான் ரிமோட்டைச் சோபாவில் எறிந்தேன். அப்பா என்னைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், பிறகு நல்லாயிருந்த இடது கையைத் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டினார். வெயில் கண்ணில் அடிக்கிறதாக்கும் என்று நினைத்துப் போய் ஜன்னலைச் சாத்தினேன். அவர் கையைத் தொப்பென்று மடியில் போட்டுக்கொண்டார்.

அப்பாவுக்கு ஆடி மாசம் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சு போனது. அவர் கணக்கு வாத்தியார், பள்ளிக்கூடம் விட்டால் வயல். இரண்டு வேலைக்கும் தொண்டை வேண்டும். திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் தெருமுனையில் இறங்கினால் போதும், அப்பா யாரைத் திட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துவிடும். அப்படிப்பட்ட வீடு ஊமையானதும் என்னால் சென்னையில் இருக்க முடியவில்லை. வேலையை லேப்டாப்போடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தஞ்சாவூரில் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாள் படம் போட்ட அட்டைகளைக் கொடுத்தார். ஆப்பிள், பந்து, பூனை. அல்ஜீப்ரா நடத்தியவரிடம் பூனையைக் காட்டி இது என்ன என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? முகத்தைத் திருப்பிக்கொண்டார். பல வாரம் அப்படியே போனது. ஒருநாள் பொழுது போகாமல் சித்தப்பா மகள் கல்யாண வீடியோவை டிவியில் ஓடவிட்டேன். அதில் பந்தியில் உட்கார்ந்திருக்கும் அப்பா, இலையை ஒரு தட்டுத் தட்டி, "ரசம் இந்தப் பக்கம் வரவே இல்லையே!" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கத்துவார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் உதடு அசைந்தது. திரும்பப் போட்டேன். இன்னும் கொஞ்சம் அசைந்தது. சில நாளில் "ர... ரசம்" என்றார். அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்து, வைத்திருந்த சாம்பாரை விட்டுவிட்டு ரசம் வைக்கப் போனாள்.

அதன் பிறகு அதுதான் எங்கள் பள்ளிக்கூடம். காலைக் காபி முடிந்ததும் டிவி முன்னால் நாற்காலி. நாற்றங்காலில் நின்று, "நாத்து காயுது, எங்க போனீங்க எல்லாரும்?" என்று கேட்கும் அப்பா. மாமாவுடன் ஃபோனில் சண்டை போடும் அப்பா. நான் முதல் சம்பளத்தில் வாங்கிக்கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, "கலர் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லும் அப்பா. தன்னிடமே பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். ரசம், நாத்து, ஜாஸ்தி என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

இந்த வீடியோக்கள் எல்லாம் இருந்தது ஒரு கறுப்புப் பெட்டியில். உள்ளே ஹார்டு டிஸ்க். வீட்டுக்கென்று ஒரு குட்டி சர்வர். அதற்குத் திரையும் இல்லை, கீபோர்டும் இல்லை. ரவுட்டர் வழியாகத்தான் உள்ளே போக முடியும். பழைய கேமராவிலும் ஃபோன்களிலும் இருந்ததை எல்லாம் அதில் ஏற்றிவிட்டு, இடம் அடைக்கிறதே என்று மற்ற இடங்களில் அழித்திருந்தேன். வேறு பிரதி கிடையாது. ஆபீஸில் யாராவது இப்படிச் செய்தால் நானே மானத்தை வாங்கியிருப்பேன்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் நான் பேங்க் வேலையாகத் தஞ்சாவூர் போய்விட்டு நனைந்துகொண்டே திரும்பினேன். மறுநாள் காலையிலிருந்து பெட்டியைக் காணோம். மேஜையில்தான் இருந்தது, பச்சை விளக்கு கண்ணைச் சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது. டிவிக்கும் லேப்டாப்புக்கும் மட்டும் அது கண்ணில் படவில்லை.

ஒயரைக் கழற்றி மாட்டினேன். வேறு ஒயர் போட்டேன். ரவுட்டர் அதற்குக் கொடுத்திருந்த எண்ணை லேப்டாப்பில் அடித்து உயிர் இருக்கிறதா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். இருக்கிறேன் என்று பதில் வந்தது. ஆனால் ஃபோல்டரைத் திறந்தால் முடியாது என்றது. அதுதான் என்னைப் பைத்தியமாக்கியது. ஆள் வீட்டில் இருக்கிறார், கூப்பிட்டால் ம் என்கிறார், கதவை மட்டும் திறக்க மாட்டேன் என்கிறார். பாஸ்வேர்டைச் சந்தேகப்பட்டேன். ஃபயர்வாலை அணைத்தேன். ஃபைல் பகிரும் முறை பழசாகிவிட்டதோ என்று லேப்டாப்பின் செட்டிங்கை எல்லாம் மாற்றி, எதை மாற்றினேன் என்பதையும் மறந்தேன். ரவுட்டருக்குள் நுழைந்து பார்க்கலாம் என்றால், அதன் பாஸ்வேர்டு இன்டர்நெட் இணைப்புக் கொடுத்தவரிடம் இருந்தது. அவரோ மழையில் எங்கேயோ அறுந்த கேபிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஃபோனை எடுக்கவில்லை.

டிஸ்க் போய்விட்டதோ என்று பயந்தேன். கூடத்துக்கும் அறைக்குமாக நடந்தேன். சாப்பிடும்போது எழுந்து போனேன். ஆபீஸ் மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு வேறொரு ஒயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அப்பா பேச்சை நிறுத்தியிருந்தார். காபி முடிந்ததும் டிவியைப் பார்ப்பார், அது கறுப்பாக இருக்கும், கையைத் தூக்கி ஜன்னலைக் காட்டுவார். நான் திறப்பேன். சாத்துவேன். ஃபேனைக் கூட்டுவேன். "என்னதாம்ப்பா வேணும் உங்களுக்கு? தலையையாவது ஆட்டுங்க!" என்று ஒருநாள் கத்தியே விட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். சேர்த்து வைத்த கொஞ்சநஞ்சப் பேச்சும் போய்விடப்போகிறது, அதற்கு நான்தான் காரணம் என்று எனக்கு அழுகை வந்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. ஒரு சாயங்காலம் அம்மா கோயிலுக்குக் கிளம்பினாள். அவள் படியிறங்கிக் கொஞ்ச நேரத்தில், அதுவரை பதில் சொல்லிக்கொண்டிருந்த பெட்டி மௌனமானது. செத்தேபோய்விட்டது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அம்மா கையில் விபூதியோடு உள்ளே வந்தாள். பெட்டிக்கு உயிர் வந்தது. மறுநாள் காலை கீரை வாங்கத் தெருமுனைக்குப் போனாள். உயிர் போனது. கீரையோடு வந்தாள். உயிர் வந்தது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆனால் அம்மாவைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன்.

"ஏண்டி அப்படிப் பாக்குற?"

"ஃபோனக் குடும்மா."

அவள் ஃபோனின் வைஃபை பக்கத்தைத் திறந்தேன். பெட்டியின் எண் என்று நான் எந்த எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேனோ, அது அங்கே இருந்தது. இத்தனை நாளாக ம் சொல்லிக்கொண்டிருந்தது அம்மாவின் ஃபோன்.

"அம்மா, நான் தஞ்சாவூர் போன அன்னிக்கு இங்க கரண்ட் போச்சா?"

"கரண்ட்டெல்லாம் போகல. இடி இடிச்சுது. எல்லாப் பிளக்கையும் புடுங்கிட்டேன். இடி நின்னதும் ஒண்ணொண்ணா மாட்டுனேன். ஏன், தப்பா?"

தப்பு என்று எப்படிச் சொல்வது? அது இந்த வீட்டுச் சட்டம். அதைப் போட்டவரே அப்பாதான். நான் சின்னப்பெண்ணாக இருக்கும்போது கொல்லைத் தென்னையில் இடி விழுந்து, தென்னையோடு எங்கள் டிவியும் கருகியது. அன்றிலிருந்து முதல் உறுமல் கேட்டதும் எங்கே இருந்தாலும் அப்பா, "பிளக்கப் புடுங்கு!" என்று கத்துவார். எங்கள் தெருவில் மழைக்கு முன்னால் எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கும். நனைகிற துணியை எடுப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். சென்னையிலேயே இருந்து நான் இதை மறந்துபோயிருந்தேன்.

ரவுட்டர் எண்களைக் குத்தகைக்குத்தான் விடுகிறது. அம்மா முதலில் ரவுட்டரை மாட்டியிருக்கிறாள். அவள் ஃபோன் ஓடிப்போய், பெட்டியிடம் இருந்த முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டது. நிதானமாக எழுந்து வந்த பெட்டிக்கு வேறொன்று கிடைத்தது. டிவியும் நானும் பழைய வயலிலேயே நின்று ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். இணைப்புக் கொடுத்தவர் ஒருவழியாக ஃபோனை எடுத்துப் பாஸ்வேர்டு சொன்னார். உள்ளே போய்ப் பெட்டியின் பெயருக்கு அந்த எண்ணைப் பட்டா போட்டேன். இனி எத்தனை தடவை பிடுங்கி மாட்டினாலும் அது மாறாது.

அப்போதுதான் உறைத்தது. அப்பா ஜன்னலைக் காட்டவில்லை, வானத்தைக் காட்டியிருக்கிறார். அன்று அம்மா பிடுங்கியதை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தானே! அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இடிதானேப்பா? அதத்தானே சொன்னீங்க?" என்றேன். அவர் தலையை மெல்ல ஆட்டினார். அவ்வளவுதான், சத்தம் வரவில்லை.

வீடியோக்கள் ஒன்று பாக்கியில்லாமல் இருந்தன. காபி முடிந்து நாற்காலியைப் போட்டு ரசத்தை ஓடவிட்டேன். அப்பா பார்த்தார். உதடு அசையவில்லை. நாற்றங்கால் போட்டேன். சட்டை போட்டேன். ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. பெட்டி வந்துவிட்டது, பேச்சு வரவில்லை. பயிற்சி அம்மாள் ஃபோனில் பொறுமையாக இருக்கச் சொன்னார். என் உடம்பில் அது மட்டும் கிடையாது.

பிறகு ஒரு மத்தியானம் வானம் கறுத்தது. டிவியில் அப்பா நாற்றங்கால் வரப்பில் நின்று ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தார். நான் லேப்டாப்பில் ஆபீஸ் வேலை பார்த்தபடி அரைக்கண்ணால் அவரைக் கவனித்துக்கொண்டிருந்தேன். மேற்கே, ஆற்றுப்பக்கம், இடி உறுமியது.

"பி..."

நிமிர்ந்தேன். அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இடது கை நாற்காலிக் கையை இறுக்கிக்கொண்டிருந்தது.

"பி... பிளக்க..."

அம்மா ஈரக்கையோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"பிளக்கப் புடுங்கு!"

அந்த வீடியோக்கள் எனக்கு மனப்பாடம். அவற்றில் எதிலும் இந்தப் பேச்சு இல்லை. எழுந்த வேகத்தில் என் நாற்காலி கவிழ்ந்தது. ஓடிப்போய் டிவி பிளக்கைப் பிடுங்கினேன். திரையில் இருந்த அப்பா பாதி வாக்கியத்தில் நின்றுபோனார். நாற்காலியில் இருந்தவர் நிற்கவில்லை. ரவுட்டரைக் காட்டி, என்னை முறைத்து, "அதையும்" என்றார்.