லைன் கிடைக்கவில்லை

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சின் வாசனை வந்தால் போதும், அண்ணனின் கை என் கண்முன் நீள்கிறது. இன்று காலை மர்பி டவுன் லேபில், ரத்தப் பரிசோதனைக்குக் கை நீட்டியபோதும் அப்படித்தான். ஊசி எனக்கு, குத்தியது அவனுக்கு.

நாங்கள் பிறந்தது கோலார் தங்கவயலின் லைன் ஒன்றில். சுரங்கத் தொழிலாளர்களுக்காகச் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசைக்கு அங்கே அதுதான் பெயர். குடத்தோடு தண்ணீருக்கு நின்றாலும் லைன். பக்கத்துத் தெருப் பெண்ணுக்காக அண்ணன் சைக்கிளில் சுற்றிச் சுற்றி வந்ததும் லைன்தான். அவள் வேறொருவரைக் கட்டிக்கொண்டு போக, இவன் தனியாகவே இருந்துவிட்டான். சுரங்கம் மூடியதும் பீன்யா தொழிற்பேட்டைக்கு வந்து, இரும்பு வார்ப்புகளைச் சாணை பிடிக்கும் லைனில் நின்றான். தூள் பறக்கும், நெஞ்சுக்குள் படியும். கன்னடக்காரரும் லைன் என்கிறார், உருது பேசுகிறவரும் லைன் என்கிறார். எல்லோர் வாயிலும் இருக்கிற சொல். யாருக்கும் இரங்காத சொல்.

கடைசியில் அது ஆஸ்பத்திரிக்கும் வந்தது. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு எட்டாமல் கிடந்தான். மருந்து ஏற்ற நரம்பு தேடி, நர்ஸ் இரண்டு கைகளிலும் குத்திப் பார்த்துவிட்டு டாக்டரிடம் சொன்னாள்.

"லைன் கிடைக்கல மேடம். நரம்பெல்லாம் சுருங்கிப்போச்சு. ஐசியூவுக்கு ஷிப்ட் பண்ணி வேற லைன் போடணும்."

தங்கவயலில் லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று வருஷக்கணக்காகப் பயந்து கிடந்தவள் அம்மா. காதும் மந்தம். சட்டென்று எழுந்துவிட்டாள்.

"எந்த லைனுக்கு ஷிப்ட்டு? செத்தாலும் எங்க வீட்டை விட்டு நகர மாட்டோம்னு சொல்லுடி!"

அண்ணன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, உதடு நீலம் பாரித்தது.

"வீடு இல்லம்மா. கழுத்துல ஊசி போடறாங்களாம்" என்றவன், என் பக்கம் திரும்பினான். "வேணாம் பாப்பா. குத்தினது போதும். ஊருக்குப் போயிடலாம்."

"போடலன்னா மருந்து எப்படி உள்ள போகும்ணா?"

கண்ணை மூடிக்கொண்டான். போய்விடலாம் என்ற சொல் எனக்கும் வாய்வரை வந்தது, விழுங்கினேன். அம்மா அவன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே, "ஒத்துக்கோடா, ராசா" என்றாள், ஊசி கழுத்திலா காலிலா என்றுகூடப் புரியாமல்.

அவன் கண் திறந்து அவளைப் பார்த்தான்.

"சரி, போடச் சொல்லு. இல்லன்னா நம்ம அம்மா டாக்டரையே வீட்டைக் காலி பண்ண வெச்சிடும்."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கம்பியைப் பிடித்தபடி கதவுவரை ஓடினேன். உள்ளே போனவனுக்குத் தொண்டையில் குழாய் போட்டுவிட்டார்கள். அப்புறம் அவன் பேசவேயில்லை, கண்ணும் திறக்கவில்லை. கதவருகே மூச்சை இழுத்து இழுத்து அவன் சொன்னதுதான் மிச்சம்:

"அம்மா காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல, பாப்பா. கீழ கூட்டிட்டுப் போ. காரம் மட்டும் வேணாம்."