கணேஸ் சாமியின் விரதக் கணக்கு

ஹந்தானைத் தேயிலைத் தோட்ட லயத்துக் கணேஸ், கண்டியில் ஓர் இரும்புக்கடைக்கு லொறி ஓட்டுகிறவன். சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களைப் பார்த்து, "ஒரு மண்டலம் நல்லவனா இருக்கக் கறுப்பு வேட்டி வேணுமா?" என்று கேட்ட வாய் அவனுடையது. போன கார்த்திகையில் அதே வாய் சரணம் சொன்னது. காரணம் பக்தி இல்லை.

கொழும்புக்குச் சரக்கோடு போய்த் தங்கிய இடத்தில், ஒரு பெண்ணோடு ஆணுறை இல்லாமல் இருந்துவிட்டான். விடிந்ததும் ஒரு தனியார் லேபுக்கு ஓடி இரத்தம் கொடுத்தான். ஒன்றுமில்லை என்று ரிப்போட் வந்தது. விதைத்த மறுநாளே வயலைப் பார்த்து, களை முளைக்கவில்லை என்று மகிழ்கிற ஆள். கொத்துரொட்டிப் பார்சலோடு வீட்டுக்கு வந்தான். அந்த வாரம் முழுக்க மனைவி யசோதினியிடம் ஒரே கொஞ்சல்தான்.

பிறகு லொறி ரேடியோவில் எச்.ஐ.வி. பற்றி யாரோ பேசியதைக் கேட்டுப் பயந்து, அரசாங்கக் கிளினிக்குக்குப் போனான்.

"மறுநாள் எடுத்த ரிப்போட்ட நம்ப முடியாது," என்றார் டொக்டர் அம்மா. "கிருமி இருந்தாலும் சோதனையில தெரிய வாரக்கணக்குல ஆகும். மூணு நாளைக்குள்ள வந்திருந்தா எச்.ஐ.வி.க்குத் தடுப்பு மருந்து குடுத்திருக்கலாம். இன்னைக்கு ஒருதரம் பார்ப்போம். ஆறு வாரத்துல திரும்ப வாங்க, மூணு மாசத்துல கடைசியா. அதுவரைக்கும் வீட்டுல ஆணுறை போட்டுக்கங்க. இடையில மனைவியோட இருந்தீங்களா?"

"இல்லீங்க," என்றான். வெட்கம் அப்படிச் சொல்ல வைத்தது.

இரண்டாவது பிள்ளையோடு யசோதினிக்குக் கருத்தடை ஆப்பரேஷன் முடிந்திருந்தது. இனி ஆணுறையை நீட்டினால் எதற்கு என்று கேட்பாள். அடுத்த வாரம் கார்த்திகை பிறந்தது. கணேஸ் கோயிலில் மாலை போட்டுக்கொண்டு, முன்னறையில் தனியே பாய் விரித்தான்.

யசோதினிக்குப் பெருமை தாங்கவில்லை. மீன்சட்டியைப் பரணில் ஏற்றினாள். விடியுமுன் குளித்துச் சமைத்தாள். "சாமி, சாப்பிட வாங்க," என்று அவள் கூப்பிடும்போதெல்லாம் அவனுக்கு உடம்பு கூசியது.

ஆறாம் வாரச் சோதனையில் ஒன்றுமில்லை. தை பிறந்ததும் மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றினான். கடைசிச் சோதனைக்கு இன்னும் சில வாரம் கிடந்தது. ஐயப்பன் அதற்குமேல் தவணை தருவதில்லை. முன்னறைப் பாயைச் சுருட்ட வந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"ஒனக்கு ஒண்ணும் வந்துறக் கூடாதுன்னுதான் யசோ மாலை போட்டேன்."

அவள் அழவில்லை. பாயைக் கீழே வைத்துவிட்டு விரலில் நாள் எண்ணினாள்.

"மாலை போட்டது கார்த்திகை ஒண்ணாந்தேதி," என்றாள். "கொத்துரொட்டி வாங்கிட்டு வந்தீங்களே, அந்த வாரம்?"

அந்த வாரத்தை அவன் டொக்டரிடம் மறைத்திருந்தான். பிறகு தன்னிடமும் மறைத்துக்கொண்டான்.

யசோதினி அலுமாரியைத் திறந்து, வெளியே உடுத்தும் சேலையை எடுத்தாள்.

"கெளம்புங்க சாமி. அந்தக் கிளினிக்கு எங்கன்னு வந்து காட்டுங்க."