மானுக்குப் போட்ட கீரை

எனக்கு இப்போதெல்லாம் மானைக் கண்டாலே குமட்டுகிறது. ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். மருண்ட விழி, துள்ளல், அழகு என்று மானைப் பற்றிப் படித்து வளர்ந்தவர்கள் நாம். அதன் பின்னால் கூட்டி அள்ளியவனுக்குத்தான் தெரியும் அதன் அழகு. புல்தரை முழுக்க மிளகைக் கொட்டியது போல் புழுக்கை, துணியில் தொற்றி வீட்டுக்குள் வரும் உண்ணி, மழை பெய்த காலையில் ஈரத்தோலின் வாடை. இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மான் என்ன செய்தது, பாவம். எனக்குக் குமட்டுவது என்னை நினைத்துத்தான். அதைக் கொண்டுபோய் மான் மேல் போடுகிறேன்.

கலிஃபோர்னியாவில், சன்னிவேலில் இரண்டு அறை அபார்ட்மெண்டில் எட்டு வருடம் கிடந்துவிட்டு, லிவர்மோரில் குன்றை ஒட்டி ஒரு வீடு வாங்கினோம். பின்பக்கம் வேலி, வேலிக்கு அப்பால் காய்ந்த புல், ஓக் மரங்கள். வந்தவர்கள் எல்லோரும் பின்கதவுக் கண்ணாடி முன் நின்று, "வியூ சூப்பர்ங்க" என்றார்கள். அந்த வியூவுக்காகத் தினமும் போக வர மூன்று மணி நேரம் ஃப்ரீவேயில் உட்கார்ந்திருப்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா இறந்தபோது என்னால் ஊருக்குப் போக முடியவில்லை. போயிருந்தால் விசா முத்திரைக்குச் சென்னையில் காத்திருக்க வேண்டும், திரும்பி வர முடியாமல் போனாலும் போகலாம் என்று வக்கீல் பயமுறுத்தினார். நானும் பயந்துகொண்டேன். தம்பி கொள்ளி வைத்ததை வீடியோ காலில் பார்த்தேன். அந்த உறுத்தலில்தான் அமாவாசை தவறாமல் விரதம் இருக்க ஆரம்பித்தேன். எங்கள் ஈரோட்டுப் பக்கம் அமாவாசை என்றால் காலையில் தலைக்குக் குளித்து எள்ளும் தண்ணீரும் இறைத்து, காக்கைக்குச் சோறு வைத்து, பசுவுக்கு அகத்திக்கீரை கொடுக்க வேண்டும். காக்கைக்கு இங்கே பஞ்சமில்லை. பசுவுக்கு எங்கே போவது?

பசுவும் இருந்தது, குன்றின் மேல் முள்கம்பிக்கு அந்தப் பக்கம். ஒருமுறை கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு போய்க் கம்பிக்குள் கையை நீட்டினேன். பண்ணைக்காரர் தன் டிரக்கிலிருந்தே கத்தினார். அவர் கத்தியது முழுவதும் புரியாவிட்டாலும், என் கையில் இருப்பது விஷமோ என்று சந்தேகப்படுகிறார் என்பது புரிந்தது. வெற்றிலை வைத்து அழைத்தாலும் இனி அந்தப் பக்கம் போவதில்லை என்று திரும்பி வந்தேன். அன்றைக்கு எங்கள் வேலியோரம் ஒரு பெண் மான் நின்றுகொண்டிருந்தது. நான்கு கால், குளம்பு, அசை போடும் வாய். அகத்திக்குப் பதில் இந்தியன் ஸ்டோரில் வாங்கிய பாலக் கீரை, பசுவுக்குப் பதில் மான். போட்டேன், தின்றது. அப்பாவே ஏற்றுக்கொண்ட மாதிரி எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். மாதம் ஒருமுறை என்பது வாரம் ஒருமுறை ஆகி, பிறகு தினசரி ஆனது. பாலக், வாழைப்பழம், ஊறவைத்த பச்சரிசியில் வெல்லம். இதற்கென்றே ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டி வாங்கினேன். ஒரு மான் ஏழு மானாயிற்று. படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். 'பசு இல்லாத தேசத்தில் பகவான் மானை அனுப்பினார்' என்று கீழே எழுதினேன். சித்தப்பா, அத்தை எல்லோரும் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். அந்தக் கைகூப்பல்களுக்காகவே மறுநாளும் படம் எடுத்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

என் மனைவிக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. பூந்தொட்டியில் அவள் நான்கு வருடம் பொத்திப் பொத்தி வளர்த்த கறிவேப்பிலைச் செடியை மான்கள் ஒரே காலையில் மொட்டையடித்துவிட்டுப் போயின. அன்று வீட்டில் எழவு விழுந்த மாதிரி இருந்தது.

"ஏனுங்க, கலிஃபோர்னியால டீருக்கு ஃபீட் பண்றதே இல்லீகலாமா. நெட்ல போட்டிருக்கு. ஏன் ஃபீட் பண்ணக் கூடாதுன்னும் போட்டிருக்கு, படிங்க. மான் வந்தா அது பின்னாடியே மவுண்டன் லயன் வருமாம்."

"வந்தா பாத்துக்கலாம் உடு. அதெல்லாம் காட்டுக்குள்ள இருக்கும்."

காட்டுக்கும் எங்கள் வேலிக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை.

அது ஒரு சனிக்கிழமை, அமாவாசை. காலை ஏழு மணி, நல்ல வெளிச்சம். ஈர வேட்டியோடு, நெற்றி நிறைய திருநீறோடு, தட்டில் கீரையும் பழமும் எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்து போனேன். ஒரு மானும் இல்லை. தொட்டிக்குப் பக்கத்தில், வேலிக்கு உட்புறம் இருந்த ஓக் மரத்தடியில், மண்ணும் இலையும் குவிந்து கிடந்தன. பாதி மூடிய அந்தக் குவியலிலிருந்து நான்கு குளம்புகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. புல்லெல்லாம் பிய்த்துப் போட்ட ரோமம். கிழிந்த வயிற்றிலிருந்து குடல் பிதுங்கியிருந்தது. தின்றது பாதி செரித்த நிலையில் பச்சையாக வழிந்திருந்தது. நான் போட்ட கீரைதான். அந்த நாற்றம் மூக்குக்குள் புகுந்தது போகவே இல்லை. வாந்தி வந்து குனிந்தேன். குனிந்தபோதுதான் அதைப் பார்த்தேன்.

மலைச்சிங்கம் என்றால் பிடரி மயிர் நினைவுக்கு வரும். இதற்குப் பிடரி கிடையாது. காய்ந்த புல்லின் நிறத்தில், என்னைவிட நீளமான பூனை. தின்ற மிச்சத்தை இப்படி மூடி வைத்துக் காவல் காக்குமாம்; அந்தக் குவியலுக்குப் பின்னால், என்னிடமிருந்து ஒரு காரின் நீளத் தூரத்தில், படுத்திருந்தது. மோவாயில் ரத்தம் காய்ந்திருந்தது. அந்த மோவாயை நக்கிக்கொண்டே என்னைப் பார்த்தது. அதன் பார்வையில் கோபம்கூட இல்லை. சாப்பாட்டு நேரத்தில் வந்து நிற்கிறானே என்ற எரிச்சல்தான் இருந்தது.

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் போர்டு வைத்திருப்பார்கள்: ஓடாதே, முதுகைக் காட்டாதே, உடம்பைப் பெரிதாகக் காட்டு, சத்தம் போடு. ஈர வேட்டி காலோடு ஒட்டியிருப்பவன் எப்படிப் பெரிதாகத் தெரிவான்? தட்டைத் தலைக்கு மேல் தூக்கினேன். கீரை என் தலையிலேயே கொட்டியது. "ச்சூ, போ, ச்சூ" என்று தெருநாயை விரட்டுகிற குரல்தான் வந்தது. அது காதை மடித்துச் சீறியது. ஒரு அடி, இன்னொரு அடி என்று பின்பக்கமாகவே நடந்தேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் என் ஒன்பது வயது மகள் சீரியல் கிண்ணத்தோடு நின்றிருந்தாள்.

"அப்பா, டோண்ட் ரன்," என்றாள் மெதுவாக. "ஜஸ்ட் கீப் லுக்கிங் அட் இட்."

அவள் கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டாள். தமிழில் நான் என்ன சொன்னாலும் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். தமிழில் பேசு சாமி, ஒரு வார்த்தை பேசு என்று எத்தனையோ வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

கால்மணி நேரம் கழித்து அது எழுந்து, சோம்பல் முறித்து, ஆறடி வேலியை ஒரே தாவலில் தாண்டிப் போனது. அதன் பிறகு நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? வாட்ஸப் குழுவில் போட்டிருந்த மான் படங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். அழிக்க முடியாத பழைய படங்களுக்காகக் குழுவைவிட்டே வெளியேறினேன். வெளியே ஓடி நீலத் தொட்டியை எடுத்து வந்து கராஜில் கவிழ்த்து வைத்தேன். பிறகுதான் வனவிலங்குத் துறைக்குப் போன் செய்தேன். அப்போது எங்கள் கிரீன் கார்டு, இன்டர்வியூ என்ற கடைசிக் கட்டத்தில் இருந்தது. உன் மேல் எப்போதாவது குற்றம் பதிவாகியிருக்கிறதா, அபராதச் சீட்டு வாங்கியிருக்கிறாயா என்று அந்தப் படிவத்தில் கேட்பார்கள். பதினோரு வருடம் காத்திருந்துவிட்டு, பாலக் கீரைக்காகக் கோட்டை விடுவதா?

மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து நானே சொன்னேன்.

"பாப்பா, யாரு கேட்டாலும் நாம டீருக்கு ஃபீட் பண்ணதே இல்லைன்னு சொல்லோணும். சரியா?"

"பட் வி டூ."

"இல்லைன்னு சொல்லோணும் சாமி. கிரீன் கார்டு விஷயம்."

அவள் தலையாட்டினாள். மனைவி அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். "இன்டர்வியூ முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

அதிகாரி வந்தார். பொறுமையான மனிதர். செத்த மானை இழுத்துப் போக ஏற்பாடு செய்தார். மரத்தடியில் குளம்புகள் மிதித்து மிதித்து இறுகிப்போன தரையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, இங்கே யாராவது மானுக்குத் தீனி வைக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். யாரோ வைக்கிறார்கள் என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம் அல்லவா? பக்கத்து வீட்டு வேலியைக் கை காட்டி, அந்த அம்மா பறவைகளுக்குத் தானியம் தொங்கவிடுவார், கீழே நிறையச் சிந்தும் என்றேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னேன். அதை எழுதும்போது இப்போதும் எனக்கு வாயில் கசக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டிய அமெரிக்கப் பெண்மணி. தனியாக இருந்தார். காய்ந்த புல் தீப்பிடிக்காமல் மேய்வதற்கென்று இரண்டு ஆடுகள் வளர்த்தார். என் மகள் பள்ளி விட்டதும் அங்கே போய் அந்த ஆடுகளுக்குச் சீப்பால் வாரிவிடுவாள். அதிகாரி அவரிடம் பேசிவிட்டுப் போன அன்றே அவர் தானியக் கூண்டைக் கழற்றிவிட்டார். நானும் தீனி வைப்பதை நிறுத்திவிட்டேன். ஆனால் மானுக்கு அது எப்படித் தெரியும்? காலையில் ஏழு மணிக்கு வந்து வேலியோரம் வரிசையாக நின்றன. கண்ணாடிக்குள்ளிருந்த என்னையே பார்த்தன. நான் திரையை இழுத்து மூடினேன்.

இன்னும் இழுத்து மூட வேண்டியது பக்கத்து வீட்டு ஆட்டுக் கொட்டில் என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். தினமும் ஆறு மான் வந்து நிற்கிறது, காரணம் நான்தான், ஆடுகளைப் பூட்டி வையுங்கள் என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. கூண்டைக் கழற்றியாயிற்று, இனி மான் வராது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். பதினோராம் நாள் பட்டப்பகலில் அந்த மலைச்சிங்கம் வந்து ஒரு ஆட்டைக் கழுத்தைக் கவ்வி இழுத்துப் போனது. மிச்சமிருந்த ஆடு அன்று முழுக்கக் கத்தியது. எங்கள் வீட்டில் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஆட்டைக் கொன்ற விலங்கைச் சுட்டுவிட அனுமதி கேட்கலாம் என்று அவரிடம் சொன்னார்களாம். அவர் மறுத்துவிட்டார். பசித்தது, வந்தது, அதைச் சுட்டு என்ன ஆகப் போகிறது என்றாராம்.

மறுநாள் மாலை அவர் எங்கள் வீட்டு மணியை அடித்தார். கதவைத் திறந்தேன். மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் கண்கள் வீங்கியிருந்தன. கையில் ஆட்டை வாரும் சீப்பு இருந்தது. உங்களைக் குறை சொல்ல வரவில்லை என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டும், ராத்திரி தூக்கமே இல்லை, நீங்கள் எப்போதாவது மான்களுக்கு ஏதாவது வைத்தீர்களா, இல்லை எல்லாம் என் தானியக் கூண்டால்தான் வந்ததா, என் ஆட்டை நானே கொன்றேனா என்று கேட்டார்.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதை இன்று யார் நம்பப் போகிறார்கள்? அதற்குள் என் மகள் முந்திக்கொண்டாள். அவருடைய கண்ணை நேராகப் பார்த்து, நாங்கள் ஒருபோதும் மானுக்குத் தீனி வைத்ததில்லை, அது சட்டப்படி தப்பு, எங்கள் வீட்டில் அதற்கு அனுமதியே இல்லை என்று சுத்தமான ஆங்கிலத்தில், ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னாள். நான் சொல்லிக் கொடுத்ததைவிட நன்றாகவே சொன்னாள்.

அந்த அம்மா மெல்லத் தலையசைத்தார். சீப்பைக் குனிந்து மகளின் கையில் கொடுத்தார். மகள் அதை வாங்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவருக்குப் புரியாத மொழி எது என்று யோசித்திருப்பாள் போல. பிறந்ததிலிருந்து நான் கெஞ்சிக் கேட்டும் வராத தமிழ் அப்போது வந்தது.

"கரெக்டா சொன்னேனா, அப்பா?"

அவர் ஈரக் கண்களோடு லேசாகச் சிரித்தார். என்ன அழகான மொழி, குழந்தை என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

"ஆடு போனதில் அவளுக்கு ரொம்ப வருத்தமாம்" என்று நான் மொழிபெயர்த்தேன்.