கீழே விழுந்த போன்

நாகலூருக்கு மேலே காபித் தோட்டத்தை ஒட்டி என் பள்ளித் தோழி ஒரு தங்கும் விடுதி நடத்துகிறாள். நான் அங்கே சமையல் செய்துகொண்டிருந்தேன். என் கணவர் தோட்ட வேலையும் எடுபிடி வேலையும் பார்த்தார். "முதலாளின்னு கூப்பிடாத, நாம அக்கா தங்கச்சியாட்ட," என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

போன மழைக்காலத்தில் விருந்தாளியாக வந்த ஒரு பெண் கம்பித் தடுப்பின் மேல் சாய்ந்து படம் எடுத்தபோது, கையிலிருந்த புதுப் போன் நழுவிப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். தோழி என் கணவரைக் கூப்பிட்டாள்.

"மழ பேஞ்சு மண்ணு நொம்ப வழுக்குதுங்க. வெயிலடிச்சதும் எறங்கறனுங்க," என்றார் அவர்.

விருந்தாளிகள் உடனே ஊருக்குக் கிளம்ப வேண்டுமாம். தோழி மறுபடி சொல்ல, அவர் இறங்கினார்.

போன் கிடைத்துவிட்டது. ஏறி வரும்போதுதான் கால் வழுக்கி உருண்டு, ஒரு மரத்தில் மோதிக் கிடந்தார். தோட்டத்து ஆட்கள் கம்பளியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். தொடை எலும்பு முறிந்து, முகம் வெளுத்திருந்தது. எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தவள் என் தோழிதான். குனிந்து அவருடைய சட்டைப் பையில் கையை விட்டாள். போனை எடுத்து முந்தானையில் துடைத்து, "ஒரு கீறல்கூட இல்லைங்க," என்று அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். அதன் பிறகுதான் ஜீப்புக்கு ஆள் அனுப்பினாள்.

சேலத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் அவர் என்னிடம் முதலில் கேட்டது, அந்தப் போன் வேலை செய்கிறதா என்றுதான். எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது. அப்புறம், அவர் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது.

மறுநாள் தோழி ஆப்பிளோடு வந்தாள். அந்த விருந்தாளி இணையத்தில் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, ஊழியர்கள் எதற்கும் தயங்குவதில்லை என்று எழுதியிருந்தாளாம். சந்தோஷமாகக் காட்டினாள்.

"அவரு வுழுந்தத எழுதலையா?" என்று கேட்டேன்.

"அதையெல்லாம் எழுதுனா ஆரு நம்ம ஊட்டுக்கு வருவாங்க?"

குத்த வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. இயல்பாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்கு ஆறவில்லை. என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள்.

இப்போது நான் வேறொரு எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கப் போகிறேன். அவர் கோலூன்றி நடக்கிறார். விடுதி கேட்டில் உட்கார்ந்து வண்டிகளைப் பார்த்துக்கொள்ளத் தோழி கூப்பிட்டிருக்கிறாளாம். அவருக்குப் போக ஆசை. நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.