சக்கரத்தில் சந்தனம்

அன்று முத்தியால்பேட்டை மரப் பட்டறையில் பாய் இருந்தார். அவர்தான் முதலாளி. அக்கா இருந்தாள். உப்புத்தாள் தேய்ப்பது அவளும் நானும். அப்புறம் நான். பேண்ட்சா மிஷின்காரர் இல்லை. ரெட்டியார்பாளையத்தில் சொந்தப் பட்டறை போட்டுப் போய்விட்டார்.

மேலும் கீழுமாக இரண்டு சக்கரத்தில் வளையப் பிளேடு ஓடி மரம் அறுக்கும் அந்த மிஷினை நான் கேட்டிருந்தேன். தேய்க்கிற தூள் எனக்கு நெஞ்சில் இறங்கிவிட்டது. இருமல் நிற்பதில்லை. மிஷின்காரர் இருந்தபோது கழிவுக் கட்டையில் அறுத்துப் பழகியிருந்தேன்.

பாய் சொன்னார். "நாற்காலிப் பின்கால், வளைவு அறுப்பு. தேக்கு அளவாத்தான் இருக்குது. ஒண்ணு கெட்டாலும் வெளியாளக் கூட்டியாந்துடுவேன். சரியா வந்தா மிஷின் உனக்கு."

"சரி பாய்."

முந்தின நாள் ஆயுத பூஜை. பூஜை நாங்கள் போடுவோம். பொரி, கடலை பாய் வாங்கித் தருவார்.

கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தேன். மேல் சக்கரத்தின் ரப்பர் பட்டை முழுக்கச் சந்தனப் பொட்டு. சுரண்டித் துடைத்தேன்.

"சாமிக்கு வெச்சத அழிக்கிறியே" என்றாள் அக்கா.

"மிஷினுக்கு நெத்தி வெளியில இருக்குதுக்கா."

மாட்டியிருந்தது முக்கால் இஞ்ச் பிளேடு. நேர் அறுப்புக்கு ஆகும். வளைவில் திருப்பினால் சிக்கி மரத்தைக் கருக்கும். கழற்றினேன். கால் இஞ்சில் இரண்டு கிடந்தன. நெருக்கப் பல் மெல்லிய பலகைக்கு. தேக்கு கனம். பல் தள்ளி இருந்ததை எடுத்தேன்.

சுருட்டிய பிளேடு அவிழ்த்ததும் மூஞ்சிக்கு வரும். கையுறை போட்டு, எட்டப் பிடித்து அவிழ்த்தேன். பல் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டி முறுக்கேற்றினேன்.

"சுவிட்சப் போடும்மா, நேரமாவுது" என்றார் பாய்.

போடவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றினேன். சுற்றச் சுற்ற பிளேடு விளிம்புக்கு நகர்ந்தது. ஓடவிட்டிருந்தால் கழன்று அடித்திருக்கும்.

அக்கா முகம் மாறியது. "கீழ் சக்கரத்துக்கும் வெச்சேன்டி. அதுவும் சுத்துதே, பாவம்னு."

கீழே குனிந்து பார்த்தேன். சந்தனம் கட்டியாகக் காய்ந்திருந்தது. அக்காவே ஈரத்துணி கொண்டுவந்து துடைத்தாள். மறுபடி சுற்றினேன். பிளேடு நடுவில் நின்றது.

வளையலையும் துப்பட்டாவையும் ஆணியில் மாட்டினேன்.

"இவ அறுக்கப் போறாளா, குளிக்கப் போறாளா?" என்றாள் அக்கா. பயம் தெளிந்துவிட்டது அவளுக்கு.

கையுறையையும் கழற்றினேன்.

"அத ஏம்மா கழட்டற?" என்றார் பாய்.

"ஓடற பிளேடு துணியப் பிடிச்சா கையையும் சேத்து இழுத்துடும் பாய்."

கண்ணாடி போட்டுக்கொண்டேன். பிளேடைத் தாங்கும் தலையை மரத்துக்கு ஒரு விரல்கடை மேலே இறக்கினேன். மூடியை மூடி சுவிட்சைப் போட்டேன். மிஷின் வேகம் பிடிக்கும்வரை நின்றேன். கோட்டுக்கு வெளியே, அவசரமில்லாமல் தள்ளினேன். பிளேடுக்கு நேராக விரல் வைக்கவில்லை. மரம் முடிகிற இடத்தில் குச்சியால் தள்ளினேன்.

சாயங்காலத்துக்குள் எல்லாக் காலும் முடிந்தது. பாய் ஒவ்வொன்றையும் எடுத்து வளைவில் கட்டைவிரலை ஓட்டினார். கருகல் இல்லை. ஒன்றும் கெடவில்லை. அவர் வண்டிச் சாவியை எடுத்தார்.

"கடைக்குப் போறேன். உன் மிஷினுக்கு என்னென்ன பிளேடு வேணும்?"

"பழைய முக்கால் மழுங்கிப்போச்சு பாய். அதுல ஒண்ணு. கால் இஞ்ச் ரெண்டு."

"மொத்தம்?"

"மூணு."