அலாரத்தில் கோளாறு இல்லை

எங்கள் வீட்டில் எது சத்தம் போட்டாலும் முதலில் அதன் வாயை அடைத்துவிட்டுத்தான் காரணம் தேடுவார்கள். குக்கரானாலும் மருமகளானாலும் ஒரே வைத்தியம்தான். என் மகன் பிறந்த பத்தாம் நாள் அந்த வைத்தியத்தை ஓர் அலாரத்துக்கும் செய்து பார்த்தார்கள்.

அலாரம் என்னுடையது. குன்னூரில் ஒரு விருந்தினர் விடுதியில் அறைகளைக் கவனிப்பது என் வேலை. விறகு எரிக்கும் கணப்பு உள்ள அறைகளிலெல்லாம் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டியிருப்பார்கள். அதற்கு பேட்டரி போடுவதும் பட்டனை அழுத்திச் சோதிப்பதும் நான்தான். நிமிடத்துக்கு ஒரு தரம் 'கீச்' என்றால் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது. நான்கு தரம் கத்தி, நிறுத்தி, மறுபடி நான்கு தரம் கத்தினால் அறையில் விஷக்காற்று சேர்ந்திருக்கிறது, வெளியே ஓட வேண்டும். பிரசவ லீவில் கிளம்பும்போது உபரியாக இருந்த ஒன்றை முதலாளியம்மா எனக்குக் கொடுத்தார்.

எனக்கு அம்மா இல்லை. அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் குன்னூர் பக்கத்து ஜெகதளா கிராமத்தில் உள்ள கணவர் வீட்டுக்கே வந்தேன். உறைபனிக் காலம். மாமியார் ஜன்னல் இடுக்குகளில் பேப்பரைச் சுருட்டிச் செருகி, அதன்மேல் சாக்கைத் தொங்கவிட்டிருந்தார். காலையில் குழந்தையைக் குளிப்பாட்டியதும் அறைக்குள் கரிச்சட்டி வரும். தணலில் சாம்பிராணி போட்டு அவனுக்கு இதமாகக் காட்டுவார். பிறகு சட்டியைக் கட்டிலடியில் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போவார்.

மாமியார் கவனக்குறைவானவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சீகை மரக் கரியை முற்றத்தில் வைத்து விசிறி, புகை முழுக்க அடங்கி, கங்கு செக்கச்செவேல் என்று ஆன பிறகுதான் உள்ளே கொண்டுவருவார். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். புகை போய்விட்டால் கரி சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம். நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். விடுதியில் அத்தனை அலாரம் மாட்டியவள், என் கட்டிலடியில் இருந்த சட்டியைச் சந்தேகப்படவில்லை. அந்த மடத்தனத்துக்கு இன்றும் எனக்கு என்மேல் கோபம் இருக்கிறது.

பெட்டியில் கிடந்த அலாரத்தை எட்டாம் நாள்தான் எடுத்து ஆணியில் மாட்டினேன். மறுநாளே கத்தியது. நான்கு, இடைவெளி, நான்கு.

கணவர் ஓடிவந்தார். கேஸ் கசிகிறது என்று முடிவுகட்டி, சிலிண்டர் வாயிலும் ரெகுலேட்டரிலும் டியூபிலும் சோப்புநுரை தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. இது கேஸ் சிலிண்டருக்கான அலாரம் இல்லை என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அடுத்த நாள் சாம்பிராணியை நிறுத்தினார்கள். அப்போதும் கத்தியது.

"சாம்பிராணியும் இல்ல, பொகையும் இல்ல. அப்பறம் எதுக்குக் கத்துது? மிஷினு கெட்டுப்போச்சு," என்று கணவர் பேட்டரியைக் கழற்றிப் பரண்மேல் வைத்துவிட்டார். உபரியாகக் கிடந்த மிஷின்தானே, கெட்டிருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

எனக்கு அப்போது தினமும் தலைவலி. பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். குழந்தை பால் குடிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே தூங்கிவிடுவான். பார்க்க வந்த பெண்களெல்லாம் ஒரே பாராட்டு. "என்ன ஒரு நல்ல புள்ளைங்க, அழுகச் சத்தமே காணோம்!"

பன்னிரண்டாம் நாள் குளிப்பாட்டி அரை மணி நேரம் இருக்கும். காலைச் சுண்டினேன், அவன் விழிக்கவில்லை. உள்ளங்காலைத் தேய்த்தேன். முகத்தைச் சுளித்தான், அவ்வளவுதான். நான்கு, இடைவெளி, நான்கு என்று அலாரம் கத்தியது நினைவுக்கு வந்தது. அவனை வாரிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். தேயிலைச் செடிமேல் பனி இன்னும் கரையவில்லை. குளிர் முகத்தில் பட்டதும் கையை உதறினான், பிறகு லேசாகச் சிணுங்கினான்.

"அம்மிணி! காத்து பட்டா புள்ளைக்குச் சன்னி வந்துரும். உள்ள போ!"

"போமாட்டேனுங்க அத்தை."

வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடம் அப்படிச் சொன்னேன். குழந்தையைக் கம்பளியில் சுற்றிக் கணவர் கையில் கொடுத்து, வெளியிலேயே நிற்கச் சொன்னேன். பரணிலிருந்து பேட்டரியை எடுத்து அலாரத்தில் போட்டேன். முற்றத்தில் வைத்தேன், சத்தம் இல்லை. அடுப்படியில் சிலிண்டர் பக்கத்தில் வைத்தேன், சத்தம் இல்லை. படுக்கையறைக்குள் கரிச்சட்டியோடு வைத்துக் கதவைச் சாத்தினேன். மாமியார் என்னை மூச்சுவிடாமல் திட்டிக்கொண்டிருந்தார். அவர் திட்டி முடிப்பதற்குள் அது கத்தியது.

"கேட்டுச்சுங்களா? சிலிண்டர்கிட்ட கத்தல. சட்டிகிட்டதான் கத்துது," என்றேன்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், கரிச்சட்டியை இடுக்கியால் பிடித்து இழுத்து வந்து முற்றத்தில் வைத்தேன். சாக்கை உருவி ஜன்னலைத் திறந்தேன். பிரசவத் தையல் சுரீர் என்றது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலியோரம் வந்து நின்றார்கள். பெற்றவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று ஒருத்தி சொன்னது எனக்குக் கேட்டது.

"பித்துன்னே இருக்கட்டும். ஜன்னல மட்டும் யாரும் மூடாதீங்க!" என்று கத்தினேன்.

கணவர் அதற்குள் ஆட்டோவைக் கூப்பிட்டிருந்தார். அன்று அவர் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதற்காகச் சோப்புநுரையை மன்னித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்கும் எனக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். கரிச்சட்டி என்று சொன்னதுமே டாக்டருக்குப் புரிந்துவிட்டது. சாயங்காலம் அவன் கண்விழித்து, பசித்து, வார்டே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டு அழுதான். நானும் கூடவே அழுதேன். இனி பயமில்லை என்றார் டாக்டர்.

மாமியார் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்பார், கேட்டால் என்ன பதில் சொல்வது என்று நான் வீம்பாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் காத்துக்கு வாசனை இருக்காதா அம்மிணி?"

"இருக்காதுங்க அத்தை."

"பொகை?"

"அதுவும் இல்லீங்க."

சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார்.

"என்ற மூத்த புள்ளையும் இப்படித்தான் அழுகாமயே கெடந்துச்சு. உன்ற ஊட்டுக்காரனுக்கு முன்னால பொறந்தது. பதினஞ்சே நாளு. ஒரு நிமிசம் கதவைத் தொறந்துபோட்டுத் தண்ணி எடுக்கப் போனேன். அதுல காத்து பட்டுத்தான் போச்சுன்னு எங்க மாமியா சாகற வரைக்கும் சொல்லிச்சு."

இப்படி ஒரு பிள்ளை இருந்ததே எனக்குத் தெரியாது. கணவரைப் பார்த்தேன். அவருக்கும் தெரியாது என்று முகம் சொன்னது.

"கரிச்சட்டி இருந்துச்சுங்களா?"

"இல்லாம இருக்குமா?"

நான் டாக்டர் இல்லை. எப்போதோ ஒரு மூடிய அறையில் நடந்ததை இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வார்டுக்கே கேட்கிற குரலில் சொன்னேன்.

"கதவைத் தொறந்ததால உங்க புள்ள சாகலீங்க அத்தை. நீங்க கொல்லலீங்க."

இதை மறுத்துப் பேச யாராவது வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.